அழாமல் போன பிள்ளை

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. வாசலில் மாவிலை கட்டியாயிற்று, பலூன் ஊதியாயிற்று, சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் எடுத்து வைத்தாயிற்று. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வெட்டி முறிக்கிற வேலை, வந்துவிட்டேன். பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட அதிகமாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் பேச வந்தது முதல் நாள் காலையைப் பற்றி. அதிலும், பிள்ளையை விட்டுவிட்டு வீட்டார் திரும்பிப் போகிற அந்த நிமிஷத்தைப் பற்றி.

நம் ஊரில் அந்த நிமிஷத்தை எல்லோரும் ஏமாற்றித்தான் கடக்கிறார்கள். பொம்மையைக் காட்டிவிட்டு ஒருத்தர் நழுவுவார். டாய்லெட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இன்னொருத்தர் மறைவார். டீச்சர்களும் அதற்கு உடந்தை. "நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று கண்ணைக் காட்டுவார்கள். நானும் வேலைக்கு வந்த புதிதில் கண்ணைக் காட்டியவள்தான். பிறகு ஒரு தகப்பன், தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு ஆலைக்கு ஓடிவிட்டார். அந்தப் பையன் மதியம் வரை ஜன்னல் கம்பியை விடவில்லை. அதற்கப்புறம் வெகுநாள் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் யார் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டான். தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைப் பார்ப்பான்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு சட்டம். சந்தனம் பூசி, கற்கண்டு கொடுத்து, உட்கார வைத்து, வீட்டார் எல்லோருக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நான் போகிறேன் என்று சொல்லுங்கள். எப்போது வருவேன் என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும், நீங்கள் நடங்கள். ஒளிந்து மட்டும் போகாதீர்கள். பெரிய படிப்பாளிகள் முகம் சுளிப்பார்கள். இந்தக் கிழவிக்கு என்ன தெரியும், பிள்ளை மனசு உடைந்துவிடாதா என்று இங்கிலீஷில் முணுமுணுப்பார்கள். உடையட்டும், நாம்தான் பக்கத்தில் இருக்கிறோமே என்பேன். அந்தத் திமிர் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. அதை அசைத்துப் பார்த்தவள் வசந்தா.

வசந்தா பெரிய மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பவள். மீன் வாங்குகிறவர்கள் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், தன் பலகையில் உட்கார்ந்து, அரிவாள்மனையில் செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பாள். மார்க்கெட்டில் அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். மூலக்குளம் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் தங்கையின் மகள் ஜூலியை வைத்து வளர்த்து வந்தாள். வசந்தாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைதான் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை அந்துவான், சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிடங்கில் வேலை. மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொள்ளப் பேப்பர் போட்டிருந்தார். பேப்பர் வருவதற்குள் ஒரு காய்ச்சலில் மனைவி போய்விட்டாள்.

அப்போதே அவர் பிள்ளையைக் கேட்டார். வசந்தா கொடுக்கவில்லை. "என் தங்கச்சி புள்ள, எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன், அரிவாள்மனய எடுத்துக்கிட்டு நிப்பேன்" என்று தெருவே கேட்கக் கத்தினாள். மனுஷர் பயந்து போய்ப் பிளேன் ஏறிவிட்டார். அதன் பிறகு ஜூலிக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் தெரியும் முகம்.

எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாம் வகுப்பு வரை ஜூலியின் வகுப்புக்கு நானேதான் டீச்சர். அதனால் வசந்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். என் சட்டத்தை அவளைப்போல் மதித்தவர்கள் யாருமில்லை. முதல் வருஷம் ஜூலி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உருண்டு அழுதாள். வசந்தா குனிந்து, "தோ பார் ஜூலி, பெரியம்மா மார்க்கெட்டுக்குப் போறேன். மீனெல்லாம் ஆய்ஞ்சுட்டு, சோத்து மணி அடிச்சதும் வாசல்ல நிப்பேன். அழுவுறதுன்னா அழுதுக்கோ" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தாள். மணி அடித்தபோது சொன்னபடியே நின்றாள். மற்ற பெற்றோருக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவேன்.

ஜூலி ஒன்றாம் வகுப்புக்கு வந்த முதல் நாள். வாசலில் ஒரே கூட்டம், ஒரே அழுகை. வசந்தா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். வெயிலில் உழைக்கிற பொம்பளை, கோடையில் இளைக்காமல் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜூலியின் தலையில் புது ரிப்பன், காலில் புது ஷூ. சந்தனம் பூசினேன். இருவருக்கும் கற்கண்டு கொடுத்தேன். பக்கத்தில் வேறொரு பிள்ளை வாந்தி எடுத்தது. அதைக் கவனித்துவிட்டுத் திரும்பினால் வசந்தாவைக் காணோம். ஜூலி பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா சொல்லிட்டுப் போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். இன்னும் போவல. இங்கதான் எங்கனா இருக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வசந்தாவா ஒளிந்து போனாள்? வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகளைப் பார்க்கப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் எச்.எம். அறையிலிருந்து ஆள் வந்தது. ஜூலியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். போனால், நல்ல சட்டை போட்ட ஒரு மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய சாக்லேட் பெட்டி. ஜூலி அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். போனில் பார்த்த முகம் உடம்போடு வந்து நிற்பதை அவளால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அவர் பெட்டியை நீட்டினார். "மெர்சி அப்பா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிப் பழகியது போலவே. வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் இவளோட அப்பா. கூட்டிட்டுப் போலாம்னு வந்திருக்கேன். ராத்திரி மெட்ராஸ்ல பிளேன்" என்றார் அந்துவான். பாஸ்போர்ட், பேப்பர் எல்லாம் மேஜைமேல் இருந்தன.

எச்.எம். நல்ல மனிதர், ஆனால் தொடை நடுங்கி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெத்த அப்பா மேடம். எல்லாம் கரெக்டா இருக்கு. அந்த அம்மாகிட்ட ஒரு துண்டு பேப்பர் கூட கெடையாது. நாம ஏதுனா பேசி, கான்சுலேட்டு அது இதுன்னு வம்பாயிட்டா? அனுப்பிடுங்க" என்றார்.

"அந்த அம்மா வரட்டும் சார்" என்றேன்.

"வரலன்னா?"

"வராம இந்த ரூமை விட்டுப் புள்ள வெளிய போவாது. நீங்க வேணும்னா என் மேல எழுதிப் போடுங்க."

தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் கொடுத்துவிட்டால், அப்புறம் வசந்தா வந்து என் பிள்ளை எங்கே என்று கேட்டால், நான் எந்தத் தேசத்தில் போய்த் தேடுவேன்? கொடுக்காவிட்டால், பெற்றவனிடம் பிள்ளையைத் தராமல் பிடித்து வைக்க நான் யார்? வசந்தாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "அவங்களுக்குத் தெரியுமா?" என்று அந்துவானைக் கேட்டேன். "தெரியும்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திரும்பத் திரும்ப அங்கேயே பார்த்தார். திருடுகிறவன் இப்படி ஒரே இடத்தைப் பார்க்க மாட்டான். நானும் எழுந்து அந்த ஜன்னலருகே போனேன். எதிரே இளநீர் வண்டி. அதற்குப் பின்னால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வசந்தா நின்றிருந்தாள்.

ஜூலியை எச்.எம். பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன். வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன்.

"இன்னாம்மா இது? நீ இங்க ஒளிஞ்சு நிக்கிற, அந்தாளு உள்ள வந்து புள்ளயக் குடுன்றாரு! யாரு வரச் சொன்னது அவர?"

"நான்தான் டீச்சர் வரச் சொன்னேன்."

"நீயா?"

"மார்ல கட்டி டீச்சர். கதிர்காமத்து ஆஸ்பத்திரில பாத்தாங்க. பரவிடுச்சாம். நான் போயிட்டா அதுக்கு யாரு இருக்கா? அதான் நானே போன் பண்ணேன். வந்து கூட்டிக்கோ தம்பின்னு சொல்லிட்டேன்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன். "அதுக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதா? ஸ்கூல் தெறக்கிற அன்னைக்கா?"

"மொத நாளு எல்லாப் புள்ளயும் அழுவும் டீச்சர். அந்த அழுவையோட அழுவையா இதுவும் அழுதுட்டுப் போயிடும்னு நெனச்சேன். யாரும் பாக்க மாட்டாங்க. வூட்ல வச்சுக் குடுத்தா என் ஒருத்தி காதுல மட்டும்தான் அது அழுவுறது கேக்கும். என்னால ஆவாது."

பள்ளி திறக்கிற நாளை இப்படியும் ஒருத்தி யோசித்துப் பார்த்திருக்கிறாள். நமக்குத் தலைவலியாகத் தெரிகிற அந்தக் கூச்சல் அவளுக்கு மறைந்துகொள்ளும் இடமாகத் தெரிந்திருக்கிறது. பாவி, எத்தனை ராத்திரி தூங்காமல் யோசித்தாளோ.

"உள்ள வா வசந்தா. புள்ளகிட்ட சொல்லு. நீ இங்கதான் எங்கனா இருக்கேன்னு உக்காந்திருக்கா. இப்பிடியே போனான்னா எந்த ஊர்ல நின்னாலும் ஒன்னத் தேடிக்கிட்டுத்தான் நிப்பா."

"அது மூஞ்சியப் பாத்தா நான் குடுக்க மாட்டேன் டீச்சர்." முந்தானையை எடுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "நிச்சயமா குடுக்க மாட்டேன். அப்புறம் நான் செத்தா தெருவுல நிக்கும். நீங்க வச்சுப் பாத்துக்குவீங்களா? சொல்லுங்க, பாத்துக்குவீங்களா?"

எனக்கும் ஓய்வு பெறும் வயது, வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர். இல்லாவிட்டாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஒரு கேள்வியில் என் சட்டத்தின் விலையைக் கேட்டுவிட்டாள். உங்களையும் ஒருநாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். அப்போது புத்தகத்தில் படித்தது எதுவும் வாய்க்கு வராது. நின்று யோசிக்க நேரமும் இருக்காது. பள்ளி வாசலில் அந்துவான் வந்த வாடகைக் கார் காத்துக்கொண்டிருந்தது.

"பாத்துக்க முடியாதும்மா" என்றேன். "ஆனா ஒண்ணு செய்யறேன். நீ சொல்ல மட்டும் சொல்லு. குடுக்கிறத நான் குடுக்கிறேன். நீ கையப் புடிச்சு இழுத்தாலும் விடமாட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வந்தாள்.

அறையில் ஜூலி சாக்லேட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். வசந்தா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஜூலி, இன்னைக்கு நீ அப்பாகூட பிளேன்ல போற."

"நீ?"

"நான் வரல."

"எப்ப வருவ?"

வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கியது நான்தான். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று அவள் பொய் சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன், சத்தியமாகத் தடுத்திருக்க மாட்டேன். அவள் சொல்லவில்லை.

"வர மாட்டேன்டி. பெரியம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல. வர முடியாது. உன்ன வேணாம்னு அனுப்பல, புரியுதா? வேணாம்னு அனுப்பல."

ஜூலி அவளைப் பார்த்தாள். பெட்டியை மூடினாள். "சரி" என்று சொல்லி இறங்கி, ஸ்கூல் பையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பரவால்லயே! சமத்து! அழவே இல்ல பாருங்க" என்றார் எச்.எம். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் வகுப்பில் இருபது பிள்ளைகள் அழும். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அழாமல் வந்து உட்கார்கிற ஒரு பிள்ளை இருக்கும். அதைச் சமத்து என்று மட்டும் சொல்லாதீர்கள். அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

பிள்ளை நகர்ந்ததும் வசந்தாவின் கை அதன் சட்டையைப் பற்றிக்கொண்டது. அவள் வேண்டுமென்று பற்றவில்லை, கை தானாகப் பற்றியது. சொன்னபடி நான் அந்த விரல்களை எடுத்துவிட்டேன். தினமும் அரிவாள்மனையில் வேலை செய்கிற கை, சாமானியத்தில் பிரியவில்லை. ஜூலியின் கையை அந்துவானிடம் கொடுத்தேன். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வாசலில் நின்ற ஒரு புது டீச்சர், இவர்கள் இப்போதுதான் உள்ளே வருகிறார்கள் என்று நினைத்து, "வாங்க சார், வாங்க" என்று சிரித்துக்கொண்டே இருவருக்கும் சந்தனம் பூசிக் கற்கண்டு கொடுத்தாள். அவளை என்ன சொல்ல. கார் போய்விட்டது.

அதன் பிறகு வசந்தா முடிந்தபோதெல்லாம் மாலையில் பள்ளிக்கு வந்து என்னோடு உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்தால் ஜூலி வந்து முகத்தைக் காட்டுவாள், கேட்டதற்குச் சரி என்பாள், போய்விடுவாளாம். அங்கே வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அழவில்லை என்று அந்துவான் சொன்னாராம். "எம்மேல கோவமா டீச்சர்? சொல்லாமலே ஓடிப் போயிருக்கணுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். தெரியவில்லையே வசந்தா என்றேன். அதுதான் உண்மை. நான் நல்லது செய்தேனா, சாகப் போகிறவளின் கடைசி நாட்களைக் கெடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்துவான் என்னைப் போனில் கூப்பிட்டார். "இதை அவகிட்ட சொல்லணுமா டீச்சர்? கொஞ்சம் பெரியவளானதும் சொல்லிக்கலாமா?"

"இன்னைக்கே சொல்லுங்க. நானும் கூட இருக்கேன்" என்றேன்.

போன் திரையில் ஜூலி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்னார். "சரி" என்றாள். எழுந்து போகப் போனவள் நின்று திரும்பினாள்.

"டீச்சர், அப்ப மார்க்கெட்ல பெரியம்மா எடத்துல இப்ப யாரு ஒக்காந்திருக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா. நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் காலை பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பக்கம் போய், வசந்தா உட்கார்ந்திருந்த மூலையைத் தேடி நின்று பார்த்தேன். மாலையில் போன் செய்தேன்.

"போயிருந்தேன் ஜூலி. வேற ஒரு அம்மா ஒக்காந்திருக்காங்க. கொஞ்சம் குண்டா இருக்காங்க. சங்கரா மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க."

"பெரியம்மாவோட பலகையிலயா?"

ஒரு நொடி வேறு எதையாவது சொல்லிவிடலாமா என்று தோன்றியது.

"ஆமா. அந்தப் பலகையிலதான்."

ஜூலி வாயைத் திறந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். மூச்சு வாங்கி, திக்கி, மறுபடி அழுதாள். அந்துவான் பதறிப்போய், "டீச்சர், இப்பிடி அழுவுறாளே, போன கட் பண்ணிடட்டுமா?" என்றார்.

"வேணாம். அவளத் தூக்கி மடியில வச்சுக்குங்க" என்றேன்.

அவர் தூக்கிக்கொண்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் ஓயும்வரை நான் போனை வைக்கவில்லை.